முற்றுகை

"பொண்டாட்டிக்குப் பிரசவம்னா லீவா? முற்றுகை நடக்கறப்போ எந்தப் போர்வீரனாவது லீவு கேட்டிருக்கானா?"

மெத்தைக்கடை முதலாளி கேட்டார். எதிரே விற்பனையாளன் நெட்டை கைகட்டி நின்றான்.

"அந்தக் காலத்துல ஒரு தளபதி. எதிரி மண்ணுல இறங்கினதும், வந்த படகையெல்லாம் கொளுத்திட்டான். ஏன்?"

"யாரும் திரும்பிப் போகக் கூடாதுன்னு சார்."

"அதான் வியாபாரம்! எதிர்க்கடை மூடற வரைக்கும் நாம வீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது."

சொல்லிவிட்டு ஏ.சி.யைக் கூட்டி வைத்துக்கொண்டார். போரைப் பற்றிப் பேசினாலே அவருக்கு வியர்த்துவிடும். வீரத்தைப் புத்தகத்தில் படித்தவருக்கு அதுவே அதிகம்.

எதிர்க்கடையும் மெத்தைக்கடைதான். இவர்கள் சீக்கிரம் திறந்தால் அவர்கள் இன்னும் சீக்கிரம் திறந்தார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை திறந்தார்கள் என்று இவர்களுக்கும் ஞாயிறு போனது. ஓவர்டைம் கேட்டவனுக்கு, "கூலிக்குச் சண்டை போடறவன் வீரனே இல்லப்பா" என்று பதில் வந்தது.

எதிர்க்கடை மீசைக்காரனும் நெட்டையும் முன்பெல்லாம் ஒரு டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள். இப்போது ஒரு வாடிக்கையாளரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்து, நடுத்தெருவில் சட்டை கிழிய அடித்துக்கொண்டார்கள். முதலாளி நெட்டையின் முதுகில் தட்டிக்கொடுத்தார். சட்டை வாங்கித் தரவில்லை.

குழந்தை பிறந்தது. பெண். தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே நெட்டை அதை போனில் பார்த்தான்.

"மாப்பிள்ளை, எப்பதான் வருவீங்க?" என்றார் மாமியார்.

"முற்றுகை நடக்குது அத்தை" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். போனில் குழந்தையை இன்னொரு முறை பார்த்தான். அடுத்த தலையணையை எடுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கடை ஷட்டர் ஏறவில்லை.

"ஜெயிச்சுட்டோம்! விடாமுயற்சி!" என்று முதலாளி குதித்தார். வெற்றிவிழாவாக ஆளுக்கு ஒரு டீ. "நெட்டை, நீ போய்ப் புள்ளையப் பாரு. காலையில டாண்ணு வந்துடணும்."

நெட்டை பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். மூடிய கடையின் படியில் மீசைக்காரன் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெயித்தவன் சிரிக்கலாம்தான். நெட்டைக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேலை போச்சாடா?"

"போச்சு. கடைசி வரைக்கும் நில்லுங்கன்னாங்க எங்க முதலாளியம்மா. எங்கப்பா ஆபரேஷனுக்குக்கூட விடல. எல்லாம் போன்லயே அதிகாரம். இன்னைக்குத்தான் முதல் தடவையா நேர்ல வர்றாங்க, சாவி வாங்க."

கார் வந்து நின்றது. உள்ளே இருந்த முதலாளியம்மா கண்ணாடியை இறக்கி, மீசைக்காரனிடம் சாவியை வாங்கிக்கொண்டார். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நெட்டையின் முதலாளி அவசரமாகத் தெருவைத் தாண்டி வந்து, காரின் முன்கதவைத் திறந்து ஏறினார். அந்த அம்மா சாவியை அவர் சட்டைப்பையில் போட்டார்.

"சீக்கிரம் வீட்டுக்குப் போலாங்க. ஞாயித்துக்கிழமைகூட அப்பா வீட்டுல இல்லாட்டி எப்படின்னு நம்ம பசங்க அழறாங்க."