புளி தட்டும் களத்தில் தவமணி படிக்கிறாள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பகல் பொழுதைக் கதையாகச் சொல்கிறேன். நெல்லிவாசல் மலையில் மாசி வெயில் மஞ்சளாய்ப் படர்ந்து கிடக்கிறது. களத்தில் பெண்கள் கட்டையால் புளி தட்டுகிறார்கள். கல்லூரியில் மனசு நோவு கண்டு திரும்பி வந்த தவமணி, இப்போது தபாலில் பி.ஏ. படிக்கிறாள். நாளைக்கு வாணியம்பாடியில் பரீட்சை. அவள் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கியதும், படிக்கிறவளுக்கு இடைஞ்சல் கூடாதென்று கட்டைகள் எல்லாம் ஓய்கின்றன. புளித்தூசி வெளிச்சத்தில் மெல்ல மிதக்கிறது. தவமணியின் குரல் தேய்ந்து நிற்கிறது. கைகள் காதைப் பொத்துகின்றன.

"இன்னாடி ஆச்சு?" என்கிறாள் அண்ணி மங்கம்மாள்.

"சத்தம் நின்னா அந்தக் கொரலுங்க வந்துடுது அண்ணி. ஒன்னால எழுத முடியாதுன்னு சொல்லுது. நீங்க தட்டுங்க."

"அடிப்போடி, மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? மூச்சைக்கூட புடிச்சிக்கினு கெடக்கறோம் நாங்க!"

சிரிப்போடு கட்டைகள் எழுகின்றன. டொக், டொக்கென்று களம் நிறைகிறது. தவமணி விட்ட வரியிலிருந்து வாசிக்கிறாள். திடீரென்று மங்கம்மாளின் முகம் வாடுகிறது. "நாளைக்கு அங்க சத்தமே இருக்காதேடி?"

தவமணி நிமிரவில்லை. பாவாடை விளிம்புக்குக் கீழே அவள் கால் பெருவிரல், கட்டைகளின் தாளத்தை மண்ணில் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் யார் மனசு நொந்தாலும் துணைக்கு ஆள் இருக்கட்டும். வீடு நிறைய வாழுங்கள் கண்ணுகளா.