இஷ்யூ: இல்லை

அண்ணன் பேனா மூடியைக் கழற்றியதும் அவள் எழுந்துவிட்டாள்.

திருமணத் தகவல் மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலி அப்படியொன்றும் குத்தவில்லை. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

சுவரோரம் போனாள். மாலையும் கழுத்துமாக நின்ற ஜோடிகளின் படங்களைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

மணி பத்தேகால். பதினொன்றுக்குள் நூலகத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம்தான் பர்மிஷன்.

பெயர், கோமளவல்லி. வயது முப்பத்தைந்து. வேலை, நூலக உதவியாளர். விவாகரத்து ஆனவர். அண்ணன் பரமகுரு நிறுத்தி நிறுத்தி எழுதினான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் எழுதுவான்.

படிவம் முழுக்க ஆங்கிலம். ஆறாவது வரியில் தயங்கினான்.

"இஷ்யூன்னு போட்டிருக்கே. என்னக்கா கேக்குறாங்க?"

மையம் நடத்தும் தவமணி அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"குழந்தை இருக்கான்னு கேக்குறாங்க தம்பி. இல்லேல்ல? அப்ப இஷ்யூலெஸ்னு போடுங்க. மாப்பிள்ளை வீட்டுல முதல்ல அந்த வரியைத்தான் பாப்பாங்க."

அந்தச் சொல்லை அவளுக்கு நன்றாகத் தெரியும். நூலகத்தில் அவள் தலைக்கு மேலேயே பலகையில் தொங்குகிறது. இஷ்யூ கவுண்டர். பதினோரு வருஷமாக அங்கே உட்கார்ந்து புத்தகம் இஷ்யூ செய்கிறாள். வாரப் பத்திரிகையின் போன இஷ்யூ எங்கே என்று பெரியவர்கள் அவளிடம்தான் சண்டைக்கு வருவார்கள். பக்கத்து மேசைக்காரருக்கு பாஸ்போர்ட் இஷ்யூ ஆகவில்லை. மோட்டாரில் ஏதோ இஷ்யூ, தண்ணீர் ஏறவில்லை. இதெல்லாம் ஒரு இஷ்யூவா என்பார் மேலதிகாரி. கெட்டிக்காரச் சொல். எங்கே போனாலும் ஒரு வேலை தேடிக்கொள்கிறது.

போன வாரம் தவமணி அக்கா படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பியதிலிருந்து ஆறாவது வரி அவளை விடவில்லை. தடித்த அகராதியை எடுத்துப் பார்த்தாள். வழங்கல். வெளியீடு. இதழ். சிக்கல். பிணக்கு. விளைவு.

எல்லாவற்றுக்கும் கீழே, மகவு.

வாசகர் ஒருவர் வந்து மேசையைத் தட்டும்வரை விரல் அங்கேயே இருந்தது.

பத்தொன்பது நாள்.

பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. இன்குபேட்டருக்குள் அதன் மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் 'பேபி ஆஃப் கோமளவல்லி' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கிடைத்தது அந்தப் பெயர்தான். அதிலும் முக்கால்வாசி அம்மாவுடையது.

ஏழு வருஷம் ஆகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. படம் கிடையாது. திதி கிடையாது. கணவன் அடுத்த வருஷமே விலகிக்கொண்டான்.

கல்யாணம் வேண்டாம் என்றில்லை. வேண்டும். தனக்கு மட்டும் கால்படி அரிசி பொங்கித் தின்று அலுத்துவிட்டது. சாயங்காலம் கதவைத் திறந்தால், வந்துட்டியா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். இதை வெட்கத்தை விட்டு அண்ணனிடம் சொன்னவளே அவள்தான்.

ஆனால் அந்த வரி.

"செத்த பிள்ளைய எதுக்கு எழுதணும்? ராசி கெட்டவள்னு பேசுவாங்க. ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்." அண்ணி நேற்றே சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது.

பரமகுரு எழுத்துக்கூட்டத் தொடங்கினான்.

அவள் வாசல்வரை போனாள். செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். அப்படியே ஓடிவிடலாமா என்றிருந்தது. காலை எடுத்தாள். வந்து அண்ணனுக்குப் பின்னால் நின்றாள்.

"கடைசியில ரெண்டு எஸ்ஸாக்கா?"

"ஆமா தம்பி, ரெண்டு."

காது குத்தும்போது மடி கொடுக்க வேண்டிய மாமன் அவன். தோடு என் செலவு என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிவிட்டான்.

கடைசியில் அவன்தான் தூக்கிக்கொண்டு போனான். பெற்றவன் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான். பொம்பளைகள் வரக் கூடாது என்று அவளை வாசலோடு நிறுத்தினார்கள். பாடை இல்லை, சங்கு இல்லை. வெள்ளைத் துண்டில் சுற்றி, இடது கையில் ஏந்தி, முகத்தில் வெயில் படாமல் வலது கையால் மறைத்துக்கொண்டு அண்ணன் நடந்தான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே வைத்தான் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இத்தனை வருஷத்தில் அவள் ஒன்றுமே கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு கனமா இருந்துச்சா?"

முதல் எஸ்ஸோடு பேனா நின்றது.

"என்னம்மா கனம்?" என்றார் தவமணி அக்கா.

பரமகுரு திரும்பிப் பார்க்கவில்லை. படிவத்தை அழுத்திப் பிடித்திருந்த இடது கை மெல்ல மடங்கி நெஞ்சருகே வந்தது. அவனுக்கே தெரியாமல் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

பிறகு மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா, வேற ஃபாரம் ஒண்ணு குடுங்க."

"ஏன் தம்பி? சரியாத்தானே எழுதுறீங்க."

"இல்லக்கா. தப்பா எழுதிட்டேன்."

புதுத் தாள் வந்தது. பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தான், நிறுத்தி நிறுத்தி.

ஆறாவது வரி வர நேரமாகும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.