எதிர்க்கடை

முதலில் தப்புப் பண்ணியது எதிர்க்கடைக்காரன்தான். அதில் சலூன்காரருக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

எங்கோ கடல் தாண்டி இருக்கிற தேசத்துக்காரன். இவர் கடைக்கு நேர் எதிரே இன்னொரு சலூன் திறந்தான். வந்து ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது இவரைப் பார்த்துக் கையை உயர்த்துவான், அவ்வளவுதான். இவர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வார்.

முடி வெட்டுகிற கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சவரத்துக்கு மட்டும் ஆள் குறையவில்லை. எதிரே வெட்டிக்கொண்டு, காலரில் ஒட்டிய முடியோடு தெருவைத் தாண்டி வந்து இவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“பார்த்தியா, கத்தின்னு வந்தா நம்ம கைதான் வேணும்,” என்று மனைவியிடம் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு வரும்.

“அவனும் பொழைக்க வந்தவன்தானே? நீங்களே போய் ஒரு தடவை பேசுங்களேன்.”

“புதுசா வந்தவன் அவன். அவன்தான் வரணும்.”

அப்படித் தெருவைத் தாண்டி வருகிறவர்களில் வாத்தியாரும் ஒருத்தர். அதே தெருவில் குடியிருப்பவர், கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்துகிறவர். முகம் முழுக்க நுரையோடு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். எல்லைகள் எல்லாம் மனிதன் போட்ட கோடு, மொத்த உலகமும் ஒரே ஊர், ஒருநாள் எல்லாருக்கும் ஒரே குடியுரிமை வரும் என்பார். கத்தி தொண்டைக்கு வரும்போதுதான் நிறுத்துவார்.

வெளியாளுக்கு இங்கே கடை கூடாது என்று தெருக்காரர்கள் கூடி முடிவெடுத்தபோது, முதல் கையெழுத்து வாத்தியாருடையது.

“அப்ப ஒரே ஊருன்னு சொன்னது?” என்று கேட்டார் சலூன்காரர்.

“அது தத்துவங்க. இது நம்ம தெரு.”

கட்டட முதலாளிக்கு அவனைக் காலி பண்ணச் சொல்ல மனசில்லை. நேராக சலூன்காரரிடம் வந்தார். “தொழில்ல அடி வாங்கினது நீங்கதான். நீங்க ‘இருக்கட்டும்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்தவங்களை நான் சமாளிச்சுக்கறேன்.”

அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதிரே அவன் யாருக்கோ துண்டு போர்த்திக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“அவன் வந்து என்கிட்ட கேட்கட்டும். சொல்றேன்.”

அவன் வரவில்லை. மாதக் கடைசியில் கண்ணாடிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இனிமேல் கூட்டம் திரும்பிவிடும் என்று சலூன்காரர் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்து வைத்தார். யாரும் வரவில்லை. சவரத்துக்கு வந்தவர்களும் நின்றுபோனார்கள். நாள் முழுக்க ஈ ஓட்டினார்.

ஒருநாள் மழமழவென்ற கன்னத்தோடு போய்க்கொண்டிருந்த வாத்தியாரை வாசலில் மறித்தார்.

“என்ன வாத்தியாரே, நம்ம கத்தி கசந்துபோச்சா?”

வாத்தியார் நெளிந்தார். அடுத்த தெரு சலூனில் முடி, தாடி ரெண்டும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது என்றார்.

“எதிர்க்கடையிலயும்தான் முடிஞ்சிருக்கும். அப்ப மட்டும் என்னைத் தேடி வந்தீங்க?”

“அவன் எங்க பண்ணிவிட்டான்? நாம தாடையைத் தடவினாலே நாற்காலியை விட்டு எழுப்பிடுவான். ‘சவரம் பெரியவர்கிட்ட’ன்னு உங்க கடையைக் காட்டுவான். ‘அவர் காதுல போட்டுடாதீங்க, மனசு கஷ்டப்படுவார்’னு வேற சொல்லுவான்.”

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கிய சலூன்காரர், பூட்டிக் கிடந்த எதிர்க்கடையைப் பார்த்துக் கையைப் பாதிவரை உயர்த்தினார். டீ கொண்டுவந்த மனைவி பார்ப்பது தெரிந்ததும் இறக்கிக்கொண்டார்.

“போறப்பவாவது வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் அவன்,” என்றார். “அந்தக் கடன் அவன் தலையில அப்படியேதான் நிக்குது.”