விட்டுப்போன பெயர்

"எல்லாப் பிள்ளைங்களும் மீன் காட்சிசாலைக்குப் போயிருக்காங்க. எம் பொண்ணு மட்டும் ஏன் டீச்சர் போகல?"

போனை டீச்சரின் மேஜை மேல் வைத்தாள் அம்மா. பெற்றோர் குரூப்பில் வந்த படம். பெரிய கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் மூன்றாம் வகுப்பு மொத்தமும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

டீச்சர் படத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அங்க ஒரே கூட்டம், இரைச்சல். பாப்பாவுக்கு ஒத்துக்காதேன்னுதான்... அவ நல்லதுக்குத்தான் லிஸ்ட்ல சேர்க்கல."

"நல்லதுக்கா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னா தெரியுமா? 'இன்னிக்கு கிளாஸுக்கு யாரும் வரலம்மா, ஃபேன் மட்டும்தான் இருந்துச்சு'ன்னு சொன்னா."

டீச்சர் மேஜை மேலிருந்த நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அம்மா விடவில்லை.

"அவளுக்கு ஆட்டிசம் இருக்கு. நான் மறைக்கல, சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கேன். கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஆனா எல்லாம் கேக்கும். நம்மளைவிட ரெண்டு மடங்கு கேக்கும், அதான் சத்தம் தாங்கறதில்ல. கண்ணைப் பாத்துப் பேச மாட்டா. அதுக்காக உங்களைப் பிடிக்கலன்னு அர்த்தமா? நீங்க போர்டுல தேதி போட மறந்ததைக்கூட வீட்டுல வந்து சொல்றவ டீச்சர் அவ!"

"சாரிம்மா. அடுத்த தடவை கண்டிப்பா..."

அம்மா போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேலே பேசினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வெளியே வரும்போது இடைவேளை மணி அடித்திருந்தது. வராந்தாவில் பிள்ளைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். காலி வகுப்பில், கடைசி பெஞ்சில், பாப்பா பென்சில்களை நீளவாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிப் பென்சில் சரியாக நின்றதும் நிமிர்ந்து பக்கத்து இடத்தைப் பார்த்தாள். காட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அம்மா முந்திக்கொண்டு வந்த கண்ணீரைத் துடைத்தபடி பஸ் பிடித்தாள்.

ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் அடிப்பது அவள் வேலை. போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். எல்லாரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இவளுக்காகவே காத்திருந்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்கே. சபாஷ்!" என்றாள் கேஷியர் அக்கா.

"உங்களை மாதிரி அம்மா கிடைக்க பாப்பா கொடுத்து வச்சிருக்கணும்க்கா" என்றான் டெக்னீஷியன்.

"எனக்குப் பாராட்டு எதுக்குப்பா? ஜனங்க கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டாப் போதும். பேசலன்னா திமிர்ங்கிறாங்க. ஒதுங்கி உட்கார்ந்தா, அவளுக்கு அதுதான் பிடிக்கும்ங்கிறாங்க. எட்டு வயசாகுது, ஒரு சிநேகிதி கிடையாது. யாராவது பக்கத்துல போய் உட்கார்ந்தா குறைஞ்சா போயிடுவாங்க?"

எல்லாரும் 'உச்' கொட்டினார்கள்.

ஜன்னலோர மேஜையில், இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, கல்லுளிமங்கி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரத்த மாதிரி எடுத்த கண்ணாடிக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுகிறவள். மூன்று வருஷத்தில் ஒரு சீட்டு மாறி ஒட்டியதில்லை. ஆனால் காலையில் யார் குட்மார்னிங் சொன்னாலும் தலையைத் தூக்க மாட்டாள். சேர்ந்த முதல் வாரமே அந்தப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. வைத்தவள் அம்மாதான். எல்லாரும் சிரித்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் கலைந்தார்கள். அம்மா கம்ப்யூட்டரைத் திறந்தபோது பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

கல்லுளிமங்கி. இவள் முகத்தைப் பார்க்காமல் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பாவைப் பத்திச் சொன்னதெல்லாம் கேட்டேன்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷத்தில் அவளாக வந்து பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஆமாம்மா. பாவம்..."

"எனக்கும் அதேதான் இருக்கு. போன வருஷம்தான் டாக்டர் சொன்னாங்க. சின்ன வயசுல அந்தப் பேர் யாருக்கும் தெரியல. வேற பேருங்கதான் வச்சாங்க. இப்பவும் வைக்கிறாங்க."

அம்மாவின் முகம் சுட்டது. கீபோர்டில் வைத்த கையை எடுக்கவும் முடியவில்லை, டைப் அடிக்கவும் முடியவில்லை.

"போன மாசம் பாப்பாவுக்குப் பிறந்தநாள். லேப்ல இருந்து எல்லாரும் உங்க வீட்டுக்கு வந்தாங்க."

குற்றம்சாட்டும் குரல் இல்லை. குழாயில் ஒட்டிய சீட்டைப் படிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அது வந்து... வீடு பூரா பலூன், பாட்டு, ஒரே சந்தடி. உனக்கு எதுக்கு வீண் தொந்தரவுன்னுதான்..."



"பாப்பா எங்க இருந்தா?"

"கட்டிலுக்கு அடியில."

"நல்ல இடம்."

கல்லுளிமங்கி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பவில்லை.

"நான் வந்திருக்க மாட்டேன். ஒரு பலூன் வெடிச்சா ரெண்டு நாளைக்குக் காது வலிக்கும். ஆனாலும் 'வர்றியா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."