மீன்தோல் வில்

தோலுக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழ் இருந்தது.

கட்டைவிரலால் அழுத்தி, மெல்ல ஓரத்துக்குத் தள்ளினான். பசை பிதுங்கி வெளியே வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனான். இப்போதெல்லாம் அது நாற்றமாகத் தெரிவதில்லை.

வில்லின் மரம், கப்பலின் லைஃப் போட் துடுப்பு. தோல், கஸ்பார் அண்ணன் தூண்டிலில் இழுத்த பெரிய களவா மீன். பசையும் அதே மீன்தான். தோல் துணுக்குகளையும் காற்றுப்பையையும் போட்டு, கொதிக்கவிடாமல் காய்ச்சியது.

முதல் வில் உடைந்துவிட்டது.

இரண்டாவது இழுப்பிலேயே போனது. எய்கிறவனுக்கு எதிர்ப்புறம்தான் முதலில் நார்நாராகப் பிளந்தது. வளையும்போது அந்தப் பக்கம்தான் இழுபடுகிறது. அதைப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். ஏதோ ஒரு குளிர்தேசத்தில் ஒருவன் வில்லின் முதுகில் மீன்தோல் ஒட்டுவதை, செல்போனுக்கு உயிர் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறான்.

படுக்கை விரிப்பைக் கிழித்து நாடாவாக்கி, வில் முழுக்க இறுக்கிச் சுற்றினான். வெயில் பட்டால் தோல் சுருண்டு கிளம்பிவிடும். இன்ஜின் அறைக்கு இறங்கும் படிக்கட்டில், நிழலில் தொங்கவிட்டான்.

இன்ஜின் நின்று இரண்டு கோடை ஆகிவிட்டது.

கப்பலுக்கு முதலாளி யார் என்றே இப்போது தெரியவில்லை. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே, வழக்கில் சிக்கி நங்கூரமிட்டுக் கிடக்கிறது. வழக்கு முடியும்வரை கப்பலில் ஆள் இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள். ஃபிட்டர் தொம்மையும், சமையல்காரர் கஸ்பார் அண்ணனும் மிச்சம்.

கரை தெரிகிறது.

அதுதான் தாங்க முடியவில்லை. பஸ் போவது தெரிகிறது. மொட்டைமாடியில் ஒருத்தி துணி காயப்போடுவது தெரிகிறது.

ஒருமுறை நீந்திப் போனான். மணலில் மல்லாந்து கிடந்தான். விசா இல்லை என்று மாலையே கொண்டுவந்து கப்பலில் ஏற்றிவிட்டார்கள். காதுக்குள் கொஞ்சம் மணல் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

கஸ்பார் அண்ணன் படியைப் பிடித்துப் பிடித்து வந்து உட்கார்ந்தார். வில்லைப் பார்த்தார்.

"யாரல எய்யப் போற?"

"யாரையும் இல்லண்ணே."

"பொறவு?"

விரலில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினான்.

"நான் விட்டா இங்கேருந்து போற மாதிரி ஒரு சாமான் வேணும்."

அவர் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டார். கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாதபடி வீங்கியிருந்தன. தண்ணீர் கொண்டுவரும் படகுக்காரனிடம் ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்கிறார்கள். அவனும் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டுப் போகிறான்.

தோல் காய்ந்தது.

துணியைப் பிரித்தபோது, செதில் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக மரத்தோடு ஒட்டிக் கிடந்தது. முழங்காலில் வைத்து வளைத்தான். முனகியது. பிளக்கவில்லை.

கண்ணாடித் துண்டால் உட்புறத்தைச் சுரண்டினான். வளைத்துப் பார்த்தான். மறுபடி சுரண்டினான். கொடிக்கயிறு நாண் ஆனது. துடைப்பத்தின் மூங்கில் அம்பானது.

துறைமுகக் காவல் படகு தினமும் காலையில் அந்தப் பக்கம் போகும். ஆரம்பத்தில் இருவரும் கத்தினார்கள். சட்டையைக் கழற்றி ஆட்டினார்கள். காலித் தண்ணீர் கேன்களைத் தூக்கிக் காட்டினார்கள். படகு ஒருநாளும் கப்பல் பக்கம் திரும்பியதில்லை.

அன்றும் போயிற்று. கஸ்பார் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொம்மை."

"ம்."

"நீந்திப் போனா திருப்பிக் கொண்டாந்து விட்டுருதான்."

"ஆமா."

"அவன் படகப் பாத்து அம்பு விட்டா?"

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"புடிச்சி உள்ள போடுவான்லா. ஜெயிலு எங்கல இருக்கு? கரையிலதான?"

"எத்தன வருசம் போடுவான்னு தெரியாதுண்ணே."

"இங்க மட்டும் தெரியுமோ?"

தொம்மை அம்பின் நுனிக்காக ராவிக்கொண்டிருந்த ஆணியைக் கையில் உருட்டினான்.

"முனை வைக்காத," என்றார். "அவனும் எவளோ பெத்த பிள்ளைதான்."

ஆணியைக் கடலில் போட்டான். நுனியில் துணியைச் சுற்றிக் கட்டினான்.

மறுநாள் காலை படகு வந்தது.

முன்பக்கம் நின்றிருந்த காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தான். இளவயதுதான். ஊதி ஊதிக் குடித்தான்.

தொம்மை நாணை இழுத்தான்.

மரம் முனகியது. தாடையோரம் வரை கொண்டுவந்தான். அவர்கள் சுடலாம். சுட்டால் அண்ணன் தனியாகிவிடுவார். இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை என்று இப்போது தோன்றியது. தோள் எரிந்தது. இறக்கிவிடலாம்.

படகுக்கு நன்றாக முன்னால், வெறும் தண்ணீரைக் குறிபார்த்தான்.

விட்டான்.

போயிற்று. ஒரு பொருள் கப்பலை விட்டுப் போவது இப்படித்தான் இருக்கும் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

தண்ணீரில் விழுந்தது.

காவலாளியின் கையிலிருந்த குவளை நழுவியது. யாரோ கத்தினார்கள். சைரன் ஒலித்தது.

படகு திரும்பியது.

வில்லைத் தரையில் வைத்துக் காலால் தூரத் தள்ளினான். இரண்டு கைகளையும் உயர்த்தினான். படகில் ஒரு துப்பாக்கி அவனை நோக்கி நிமிர்வது தெரிந்தது. கையை இறக்கவில்லை.

பின்னால் காலை இழுத்து நடக்கும் சத்தம்.

கஸ்பார் அண்ணன் துவைத்த சட்டை போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். குனிய முடியாமல் குனிந்து, அவன் காலருகே ஒரு ஜோடி செருப்பை வைத்தார்.

"போட்டுக்கோ. ரோடு சுடும்."