மூன்று வீட்டு அன்ரனிற்றா

"ஆட்டைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாங்கோ அக்கா," என்றாள் மெலனி.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் தமிழ்ச் சங்க அறையில் மடிக்கணினித் திரையில் தெரிந்தவள், முல்லைத்தீவுப் பக்கத்து ரஞ்சினி. அவள் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் இடக்கொம்பு முறிந்த ஓர் ஆடு.

சங்கத் தலைவர் கிறிஸ்தோப்பர் அண்ணை இந்த வீடியோச் சந்திப்புக்கென்று கோட்டெல்லாம் போட்டு வந்திருந்தார். போரில் எல்லாம் இழந்த குடும்பங்களுக்கு, காலமான மனைவி அன்ரனிற்றாவின் நினைவாக வீட்டுக்கு ஓர் ஆடு கொடுத்தவர் அவர். நினைவு என்றால் சும்மா இல்லை. எல்லா ஆட்டுக்கும் பெயர் அன்ரனிற்றா.

பாதிப் பணம் ஒரு ஜெர்மன் அறக்கட்டளையுடையது. அது அனுப்பிய மதிப்பீட்டாளர்தான் மெலனி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் நல்லபடியாக எழுதினால்தான் அடுத்த கிராமத்துக்கும் உதவி போகும்.

"அதிர்ச்சிக்குப் பிறகு எவ்வளவு கெதியா மீண்டெழுந்தனீங்கள்?" மெலனி படிவத்திலிருந்த கேள்வியை வாசித்தாள்.

"எந்த அதிர்ச்சி தங்கச்சி? சண்டையோ, வெள்ளமோ, லோன்காரனோ?"

"ஒண்டுக்குத்தான் இதிலை இடமிருக்கு அக்கா."

"அப்ப லோன்காரனைப் போடுங்கோ. அவன்தான் இன்னும் வாறவன்."

கிறிஸ்தோப்பர் அண்ணை திரைக்குள் எட்டிப் பார்த்தார். "அன்ரனிற்றா, சாப்பிட்டியே?"

ஆடு கொடியில் காய்ந்த பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி ஒன்றைக் கவ்வியது. அண்ணை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

அடுத்தது பிறேமா வீடு. அங்கேயும் ஓர் ஆடு. அதற்கும் இடக்கொம்பு முறிந்திருந்தது. வாயோரத்தில் கழுத்துப்பட்டியின் நுனி தொங்கியது.

"இதுக்கும் கொம்பு முறிஞ்சிருக்கே?"

"அந்த இனமே அப்பிடித்தான் தங்கச்சி," என்றாள் பிறேமா, கண் இமைக்காமல்.

மூன்றாவது அஜிதா வீடு. ஆடு நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

"வெக்கை."

வேலிக்குப் பின்னால் ரஞ்சினியும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

மெலனிக்குக் கோபம் தலைக்கேறியது. ஏமாற்று என்றால் ஓர் அளவில்லையா? கிறிஸ்தோப்பர் அண்ணையோ மூன்று வீட்டிலும் ஒரே ஆட்டை மூன்று தரம் சுகம் விசாரித்துவிட்டு, பூரிப்போடு தேநீர் போட எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் மெலனி ரஞ்சினியை மறுபடி அழைத்தாள்.

"மற்ற ஆடுகள் எங்கை அக்கா? உண்மையைச் சொல்லுங்கோ."

"வித்திட்டம். மழை பிழைச்சுப் போச்சு, தீனி இல்லை. எல்லாரும் சேர்ந்து றோட்டுக்கரையில சாப்பாட்டுக்கடை போட்டம். இப்ப எல்லா வீட்டு அடுப்பும் அதாலதான் எரியுது."

"இது நல்ல விசயம்தானே! ஏன் மறைச்சனீங்கள்?"

"அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய போன் எடுத்து, அந்த ஆடுகளோட கதைக்கிறவர். அவரிட்டப் போய், உங்கட மனிசியை வித்துப்போட்டம் எண்டு எந்த வாயால சொல்லுறது? அவருக்காகத்தான் இந்த ஒண்டை வைச்சிருக்கிறம். கடை மரக்கறியில பாதியை இதுதான் திண்டு முடிக்குது."

மெலனிக்குச் சிரிப்பு வந்தது. உண்மையை எழுதினால் அடுத்த கிராமத்துக்கு உதவி நிச்சயம். ஆனால் அறிக்கையைச் சங்கக் கூட்டத்தில் உரக்க வாசிப்பார்கள். முன்வரிசையில் கிறிஸ்தோப்பர் அண்ணை இருப்பார்.

அவர் தேநீரோடு வந்தார்.

"எப்பிடிப் பிள்ளை, எல்லாம் திருப்தியோ?"

"ஓம் அங்கிள்." மெலனி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எல்லா ஆடும் நல்லா இருக்கு."

அவர் அவளுடைய கோப்பைக்குச் சீனி போட்டுக் கலக்கினார்.

"நீ கடையைப் பற்றி வடிவா எழுது பிள்ளை. அங்கத்தை றொட்டி திறமாம், ஊருக்குப் போய் வந்த ஆக்கள் சொல்லுகினம். கூட்டத்தில அறிக்கை வாசிக்கேக்கை நான் குசினியில தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிப்பன்."

மெலனி தலையை நிமிர்த்தினாள்.

"அடுத்த முறை ஒரு வீட்டைப் பாத்தாப் போதுமெண்டு ஜெர்மன்காரர் சொன்னதா ரஞ்சினிக்குச் சொல்லிவிடு. அந்த ஒரு ஆடு பாவம், வெயிலுக்கை எத்தினை வேலி பாயும்?" கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியுமெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. பாவங்கள், தாங்கமாட்டினம்."