ஆடாத விரல்கள்

"கையைக் காட்டு மச்சான்" என்றான் குப்புராஜ்.

பூவராகவன் நீட்டினான். வலை பின்னிப் பின்னிக் காய்த்துப்போன விரல்கள்.

"ஆடவே இல்ல பாரு. டாக்டரு கேக்கறது இந்த மாதிரி கைதான்."

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி நான்கு மாதமாகிவிட்டது. மீன் இல்லை, இறால் இல்லை. வலையையும் விற்றாயிற்று. குழந்தை பசியில் அழுது அழுது அப்போதுதான் தூங்கியிருந்தது. இந்த நிலைமையில், இரண்டு வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத அக்காள் புருஷன் பட்டணத்திலிருந்து வேலையோடு வந்திருக்கிறான்.

"இன்னா வேலை மாமா?"

"பல் டாக்டரு ஒருத்தரு ஆராய்ச்சி பண்றாரு. கீழ்த்தாடை எலும்புக்குள்ள நரம்பு போவறதுக்கு ஒரு குழா இருக்குதாம். பல்லைப் புடுங்கும்போது அதுல பட்டுச்சுன்னா ஒதடு மரத்துப் பூடும். அதான் ஆயிரக்கணக்குல ஆளுங்களுக்கு எக்ஸ்ரே புடிச்சு, குழா எப்டி போவுதுன்னு பாக்கறாரு. வாய்க்குள்ள இத்தினூண்டு பிலிமு வெச்சு, படம் எடுத்து முடியிற வரைக்கும் வெரலால ஆடாம அமுத்திப் புடிச்சுக்கணும். அவ்ளோதான். ஒரு நாளைக்கு முப்பது பேரு. காலைல பொன்னேரில ரயிலு புடிச்சா போயிடலாம்."

"அப்ப நீ?"

"எனக்கு கேட்ல வாட்ச்மேன் வேலை தராரு. நீ பிலிமு புடிக்கற எடத்துக்கு வேற ஒரு ஆளைக் கொண்டாந்து உட்டுட்டு ஒக்காருன்னாரு."

பூவராகவன் மனைவி கங்கம்மாவுக்கு ஒப்பவில்லை. வந்தவன் துண்டைத் தோளில் போடாமல் வலது கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் கொடுத்த கஞ்சித் தண்ணீரை இடது கையால் வாங்கிக் குடித்தான். ஏழை வீடென்றால் இத்தனை இளக்காரமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"எக்ஸ்ரே ஒடம்புக்கு ஆவாதுன்னு சொல்றாங்களேண்ணே?"

"ரெண்டு மூணு நொடிதான் தங்கச்சி. பேஷண்டுக்கு ஒண்ணும் ஆவாது."

பூவராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நேத்துதான் மூணு பேரும் ஏரில எறங்கிடலாம்னு பேசிக்கினு இருந்தோம் மாமா. தெய்வமா வந்துகிற."

சொல்லிக்கொண்டே குப்புராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனான். குப்புராஜ் வெடுக்கென்று இழுத்தான். துண்டு அவிழ்ந்து விழுந்தது.

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை. மிச்ச விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருந்தன.

"பேஷண்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னுதான் தங்கச்சி சொன்னேன்" என்றான் குப்புராஜ், யார் முகத்தையும் பார்க்காமல்.